விரலுக்கு எத்தனை விழுக்காடு: மணவாளக்குறிச்சி மணல் ஆலையும் ஊன இழப்பீட்டின் வரலாறும்

வலது கையை முழங்கையிலோ அதற்கு மேலோ இழந்த தொழிலாளிக்குச் சம்பாதிக்கும் திறன் நூற்றுக்கு 70 பங்கு போய்விட்டது, இடது கை என்றால் 60 பங்கு, ஒரு கண் 30, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10, மற்ற விரல் எதுவானாலும் 5. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இப்படிக் கணக்குப் போட்டது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. மணவாளக்குறிச்சி அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில், கல்குளம் தாலுகாவில் இருந்தது. ஆனால் அட்டவணை யாரை நினைத்து எழுதப்பட்டதோ அத்தகைய வேலை அந்தக் கடற்கரையில் பத்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். மின்விளக்கு பரவாத காலம் அது. ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கு மேண்டில் என்ற வலைத்திரி தேவைப்பட்டது, மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது, தோரியம் மோனசைட்டில் இருந்தது. கார்ல் அவுவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த அந்த மேண்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. அதுவரை பிரேசில் கடற்கரையை நம்பியிருந்த தொழிலுக்கு மணவாளக்குறிச்சி புதிய ஊற்றாக அமைந்தது. ஓரிரு ஆண்டுகளில் இங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பர்க் கைது செய்யப்பட்டார். தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கைக்கு மாறியது. 1920களில் மேண்டிலின் மவுசு குறைந்தபோது, வெள்ளைச் சாயத்துக்கான இல்மனைட் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் பிரித்தெடுக்கும் இந்த ஆலை, இந்திய அருமணல் நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லின் மணவாளக்குறிச்சிப் பிரிவு. 1950இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1963இல் முழுமையாக மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழ் வந்தது. பழைய கம்பெனிகளின் மணல் ஆலைகள் அதே பத்தாண்டில் அதனிடம் சேர்ந்தன.

மணலைப் பிரிப்பது என்றால் மணலை ஓயாமல் நகர்த்துவது. காய்ந்த மணல் பட்டைகளிலும் வாளி ஏற்றிகளிலும் மேலே போய், காந்தப் பிரிப்பான்களிலும் மின்னேற்றப் பிரிப்பான்களிலும் விழுந்து, இனம் இனமாகப் பிரிகிறது. பட்டையும் உருளையும் சேரும் இடம்தான் இத்தகைய ஆலைகளில் விரலுக்கு எமன். உயிர் போகும் விபத்தைவிட, விரலோ விரலின் ஒரு கணுவோ போகும் விபத்துதான் இயந்திரத் தொழிலில் எங்கும் அதிகம் நேர்வது. அதனால்தான் இழப்பீட்டுச் சட்டத்தின் கடினமான பகுதி மரணமோ முழு ஊனமோ அல்ல. வேலைக்குத் திரும்பக்கூடிய, ஆனால் பழையபடி வேலை செய்ய முடியாத மனிதருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற நிரந்தரப் பகுதி ஊனக் கணக்குதான்.

சட்டம் வருவதற்கு முன் இந்தக் கேள்விக்கே இடமில்லை. தமிழ் நாட்டில் போரில் மாண்ட வீரரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அது அரசரோ ஊராரோ மனமுவந்து கொடுத்தது; கேட்டுப் பெறும் உரிமை அல்ல, உடல் குறைந்து உயிரோடு திரும்பியவருக்கான அளவுகோலும் அல்ல. பிரிட்டிஷ் சட்டமோ இதைவிடக் கடுமையாக இருந்தது. 1837இல் பிரீஸ்ட்லி வழக்கில் பிறந்த கோட்பாட்டின்படி, உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் அடிபட்டவர் முதலாளியிடம் எதுவும் கேட்க முடியாது. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவர் என்ற வாதமும் அவருக்கு எதிராகவே நின்றது. 1884இல் ஜெர்மனி விபத்துக் காப்பீட்டையும், 1897இல் பிரிட்டன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்த பிறகே அடிப்படை மாறியது. தவறு யாருடையது என்ற விசாரணை பின்னால் போயிற்று. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் விபத்து நேர்ந்ததா என்பது மட்டுமே கேள்வியாயிற்று. 1923 இந்தியச் சட்டம் இந்த வழியைத்தான் பின்பற்றியது.

தவறை அளக்கும் பொறுப்பு போனதும் இழப்பை அளக்கும் பொறுப்பு வந்தது. 1923இன் விதி எளிமையானது. முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. பகுதி ஊனத்துக்கு அட்டவணையில் உள்ள விழுக்காடு. மாதம் 15 ரூபாய் கூலி பெற்றவரின் முழு ஊனத்துக்கு 630 ரூபாய் என்றால், சுட்டுவிரலுக்கு 63 ரூபாய், வலது கைக்கு 441 ரூபாய். நான்கு மாதக் கூலிக்குச் சற்று கூடுதலான தொகையோடு ஒரு சுட்டுவிரலின் கணக்கு முடிந்தது. இயந்திரத்தில் போன விரலுக்கு இந்தத் தொகையாவது சட்டப்படி உண்டு என்பது அந்தக் காலத்தில் சிறிய காரியம் இல்லை. தொகை சிறியது என்பதும் உண்மை. அரசத் தொழிலாளர் ஆணைக்குழு 1931இல் அறிக்கை தந்த பின், 1933 திருத்தம் சம்பளத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. மாதம் 10 ரூபாய்க்கு மேற்படாத கூலியாளின் முழு ஊனத்துக்கு 700 ரூபாய் என்று வைத்தது. பழைய கணக்கில் அவருக்கு 420 ரூபாய்தான் கிடைத்திருக்கும். விரலின் விழுக்காடு மாறாவிட்டாலும் விழுக்காடு எடுக்கப்படும் தொகை உயர்ந்தது.

திருவிதாங்கூர், 1949இல் கொச்சியோடு சேர்ந்து ஒரே மாநிலமானது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் மதராஸ் மாநிலத்தோடு இணைந்தபோது, 1923ஆம் ஆண்டுச் சட்டம் இங்கும் வந்துவிட்டிருந்ததால், மணவாளக்குறிச்சிக்கும் மதராஸுக்கும் ஒரே இழப்பீட்டுச் சட்டம்தான். ஆறு ஆண்டுகள் கழித்து அட்டவணையே முற்றிலும் மாறியது.

1962ஆம் ஆண்டின் 64ஆம் எண் சட்டம் கொண்டுவந்த புதிய முதல் அட்டவணைதான் ஊன இழப்பீட்டின் வரலாற்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது. வலது கை, இடது கை என்ற வேறுபாடு அதில் இல்லை. இரண்டு கைகளும் போவது, இரண்டு கண்களின் பார்வையும் போவது, செவி முழுவதும் கேளாமற்போவது போன்றவை முதல் பகுதியில் 100 விழுக்காடு. இரண்டாம் பகுதி உடலை அங்குலம் அங்குலமாகப் பிரித்தது. தோள்பட்டை மூட்டோடு கை போனால் 90. தோள் நுனியிலிருந்து மிஞ்சிய கை 20.32 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 80. மணிக்கட்டோடு கை போனால் 60. கட்டைவிரல் 30, அதன் உள்ளங்கை எலும்பும் சேர்ந்து போனால் 40. சுட்டுவிரல் முழுவதும் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கண்ணை இழந்தால் 40. கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30.

20.32 சென்டிமீட்டர் என்ற விந்தையான அளவு சரியாக எட்டு அங்குலம். அட்டவணையின் ஊர் எது என்பதற்கு அந்த அங்குலமே சாட்சி. கட்டைவிரலுக்கு 30, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7 என்ற எண்கள் பிரிட்டனின் தொழில்விபத்துக் காப்பீட்டு அட்டவணையிலும் அப்படியே உள்ளன. பிரிட்டனுக்கு அந்த முறை, முதல் உலகப் போரில் ஊனமுற்ற படைவீரர்களுக்கு ஓய்வூதியம் நிர்ணயித்த வழக்கத்திலிருந்து வந்தது.

பிரிட்டனில் அந்த விழுக்காடு, அதே வயதும் பாலும் உடைய நலமான ஒருவரோடு ஒப்பிட்டு உடலின் இயக்கத்தில் எவ்வளவு குறை என்று சொல்வது. அவர் என்ன வேலை செய்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்று அது கேட்பதில்லை. இந்தியச் சட்டமோ அதே எண்களை எடுத்து, அவற்றின் தலைப்பில் ‘சம்பாதிக்கும் திறன் இழப்பின் விழுக்காடு’ என்று எழுதிவிட்டது. உடலின் குறையை அளக்கப் பிறந்த எண், பிழைப்பின் குறையை அளக்கும் எண்ணாக ஒரே தலைப்பு மாற்றத்தில் ஆகிவிட்டது. சுட்டுவிரல் போன எழுத்தருக்கும், பட்டையை ஓட்டும் ஆலைத் தொழிலாளிக்கும், முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும் ஒரே 14தான். பிற்காலத்து வழக்குகளில் பல இந்த ஒரு பிசகிலிருந்து கிளைத்தவை.

விழுக்காட்டைப் பெருக்கும் தொகையும் பின்னர் மாறியது. 1984 திருத்தம் சம்பளப் படிநிலையைக் கைவிட்டு, வயதை உள்ளே கொண்டுவந்தது. இளம் வயதில் ஊனமானவர் அதிக ஆண்டுகள் அதைச் சுமப்பார் என்பதால் வயதுக்கேற்ற காரணிகள் நான்காம் அட்டவணையில் சேர்ந்தன: 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 60 வயதுக்கு 117.41. முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 50 விழுக்காட்டை இந்தக் காரணியால் பெருக்க வேண்டும். 1995இல் அது 60 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு எப்போதும் ஓர் உச்சவரம்பு உண்டு. 1984இல் 1,000 ரூபாய், 1995இல் 2,000, 2000ஆம் ஆண்டில் 4,000, 2010இல் 8,000, 2020 ஜனவரி 3 முதல் 15,000. 2009 திருத்தத்தில் சட்டத்தின் பெயரும் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று மாறியது.

முப்பது வயதில் சுட்டுவிரலை முழுவதும் இழந்தவருக்கு இந்தக் கணக்கு எப்படி வரும்? 15,000 ரூபாயில் 60 விழுக்காடு 9,000. அதை 207.98ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய்; இது முழு ஊனத்துக்குரிய தொகை. அதில் 14 விழுக்காடு, 2,62,055 ரூபாய், விரலுக்கு. கட்டைவிரல் என்றால் 5,61,546 ரூபாய். அதே சுட்டுவிரல் ஐம்பது வயதில் போனால் 1,92,893 ரூபாய்தான். ஒரே விபத்தில் பல காயங்கள் நேர்ந்தால் விழுக்காடுகளைக் கூட்டிக்கொள்ளலாம்; கூட்டுத்தொகை மட்டும் முழு ஊனத்துக்குரியதைத் தாண்டக் கூடாது. மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கும் 15,000க்கு மட்டுமே கணக்கு. நீண்ட ஆண்டுகள் வரம்பு அசையாமல் கிடந்து விலைவாசி மட்டும் ஏறிய காலங்களில் விபத்துக்குள்ளானவர்களுக்கு நேர்ந்த அநியாயம் இன்னும் பெரிது.

அட்டவணையில் இல்லாத காயங்கள்தான் நடைமுறையில் ஏராளம். விரல் போகவில்லை, ஆனால் மடங்காது. எலும்பு கூடியது, ஆனால் கால் ஒன்றரை அங்குலம் குட்டை. முதுகெலும்பு நசுங்கியது, உறுப்பு எதுவும் வெட்டுப்படவில்லை. இவற்றுக்கு, காயத்தால் சம்பாதிக்கும் திறன் நிலையாக எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதியுள்ள மருத்துவர் மதிப்பிட வேண்டும் என்று 1984 திருத்தம் விதித்தது. முடிவெடுப்பவர் இழப்பீட்டு ஆணையர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்கள் இந்தப் பொறுப்பை வகித்துவந்தார்கள்.

மருத்துவருக்குத் தெரிந்தது மூட்டு எத்தனை பாகை மடங்கும் என்பது. அந்த மூட்டைக் கொண்டு அந்த மனிதர் என்ன வேலை செய்து பிழைத்தார் என்பது சான்றிதழில் பெரும்பாலும் ஏறுவதில்லை. 40 விழுக்காடு ஊனம் என்று ஒரு சான்றிதழ் சொன்னால், அது கையில் 40 விழுக்காடா, முழு உடலில் 40 விழுக்காடா, சம்பாத்தியத்தில் 40 விழுக்காடா என்பதிலேயே வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். உடல் ஊனத்தின் விழுக்காடும் சம்பாதிக்கும் திறன் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2007இல் முபாசிர் அகமது வழக்கில் தெளிவுபடுத்தியது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வழி திறந்தது ஒரு தச்சரின் வழக்கு. ஒடிசாவின் ஜெய்ப்பூர் ஊரில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் 1968 ஜூலையில் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே துண்டிக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது பகுதி ஊனம் என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இந்த மனிதருக்கு இது முழு ஊனம் என்று ஆணையர் முடிவு செய்திருந்தார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று பெயர் பெற்ற இதில், நான்கு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஆணையரின் பக்கம் நின்றது. இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது, ஆணையர் உத்தரவிடும் நாளில் அல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. வட்டி எந்த நாளிலிருந்து என்ற வாதத்துக்கு இன்றும் இதுவே அடிப்படை. 2008இல் கே. ஜனார்தன் வழக்கில், வலது காலை முழங்கால் வரை இழந்த டேங்கர் லாரி ஓட்டுநருக்கு மருத்துவர் கொடுத்த விழுக்காடு 65. இனி அவரால் வண்டி ஓட்ட இயலாது என்பதால் இழப்பு 100 விழுக்காடு என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டமே முழு ஊனத்துக்கு, ‘விபத்தின்போது அவரால் செய்ய முடிந்த வேலைகள் எல்லாவற்றுக்கும்’ இயலாதவர் ஆவது என்றுதான் பொருள் தருகிறது. அட்டவணையின் எண்ணைத் தாண்டி மனிதரின் கைத்தொழிலைப் பார்க்கும் இந்த வாசிப்புதான் நியாயமானது. ஆனால் வழக்கறிஞர் வைத்து, மேல்முறையீடு வரை தாக்குப்பிடிப்பவர்களுக்கே அது எட்டுகிறது.

பகுதி ஊனத்தில் உள்ள ஒரு கண்ணி பலர் அறியாதது. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், இயந்திரத்தின் காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவற்றால் நேரடியாக விளைந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பல்ல என்று சட்டம் ஒரு விலக்குத் தந்தது. மரணத்துக்கு அந்த விலக்குச் செல்லாது. 1995 முதல் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது. பகுதி ஊனத்துக்குச் செல்லும். எனவே விரலை இழந்தவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, மூடியைக் கழற்றியது யார் என்பதாகவே இருக்கும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்றால் அவருக்கும் முதன்மை நிறுவனமே இழப்பீடு கொடுத்து, பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1923 முதலே உள்ள பாதுகாப்பு. நிரந்தர ஊழியரைவிட ஒப்பந்த ஆள் அதிகமுள்ள இன்றைய ஆலைகளில் அந்தப் பிரிவின் மதிப்பு கூடியிருக்கிறது.

மணல் ஆலைக்கே உரிய இன்னொன்று நோய். திருவிதாங்கூர் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு. அது கதிர்வீசும் பொருள். கதிரியக்கப் பொருள்களோடும் அயனியாக்கும் கதிர்களோடும் வேலை செய்வதால் வரும் நோய்களும், இரைச்சலால் வரும் செவிக் குறையும், மணல் தூசியால் வரும் நுரையீரல் நோயும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோய்களாக இடம்பெற்றன. அட்டவணையில் உள்ள நோய், விபத்துக் காயத்துக்குச் சமம். ஆனால் விரல் போன நாள் எல்லோருக்கும் தெரியும். கேட்கும் திறன் போன நாளை யாராலும் சொல்ல முடியாது. வேலையில் சேரும்போது எடுத்த பரிசோதனை அறிக்கையும் ஆண்டுதோறும் எடுத்த அறிக்கைகளும் கையில் இல்லாதவருக்கு நோயின் விழுக்காட்டை நிறுவுவது மிகக் கடினம்.

1948இன் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், ஈ.எஸ்.ஐ., இதே காய அட்டவணையை வைத்துக்கொண்டு வேறு வழியில் போயிற்று. மருத்துவ வாரியம் விழுக்காட்டை முடிவு செய்கிறது. தொகை ஒரே தவணையாக அல்லாமல் மாதாமாதம் ஆயுள் முழுவதும் வருகிறது. ஒரே தவணையில் வந்த பணம் கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும் வீடுகளில் இந்த முறையின் அருமை தெரியும். முந்திரி ஆலை போன்ற தொழிற்சாலைகள் அதற்குள் அடங்கும். சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கங்களை ஈ.எஸ்.ஐ. தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. மணல் அள்ளும் வேலை சுரங்க வேலை என்பதால் இங்கே பழைய இழப்பீட்டுச் சட்டமே துணையாக இருந்தது.

மணவாளக்குறிச்சியைச் சுற்றிலும் பனை விளைகள். முருக்குத்தடி சாத்தி, திளாப்பு மாட்டி, பாளை சீவி அக்கானி என்ற பதநீர் இறக்கிய பனையேறியின் வேலை ஆலை வேலையைவிட ஆபத்தானது. பனை சீவும் வேலையை இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. ஆனால் பனையேறிகளில் பலர் கூலிக்கு ஏறுபவர்கள் அல்லர். மரத்தைப் பாட்டத்துக்கோ பங்குக்கோ எடுத்து ஏறுபவர்கள். முதலாளி என்று காட்ட ஆள் இல்லாத இடத்தில் அட்டவணையும் வயதுக் காரணியும் பயன்படாது. கடலில் பங்குக்குப் போகும் மீனவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நல வாரியங்கள் தரும் ஊன உதவி இந்த இடைவெளியைச் சிறிதளவே நிரப்புகிறது. அது சம்பாத்தியத்தைக் கணக்கிட்டுத் தரும் இழப்பீடு அல்ல.

2020இல் நாடாளுமன்றம் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், அது தன் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. நிரந்தரப் பகுதி ஊனத்தின் அட்டவணையை மட்டும் அது திருத்தி எழுதவில்லை. கட்டைவிரல் இன்னும் 30 விழுக்காடு, சுட்டுவிரல் இன்னும் 14.